பழைய கைபேசியின் பொருளாதாரம்: மறுவிற்பனையும் பழுதுபார்ப்பும்

சைக்கிள், தையல் இயந்திரம், ஸ்கூட்டர் போன்றவற்றைப் பிறர் பயன்படுத்திய பின்னர் விலைக்கு வாங்குவது இந்தியக் குடும்பங்களுக்குப் புதிதன்று. தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, சங்கிலியை இழுத்துப் பார்த்து, என்ஜின் ஓசையைக் கேட்டு, பேரம் பேசி முடிப்பது நெடுநாளைய வழக்கம். இன்று இவ்வழக்கம் 'ஸ்மார்ட்ஃபோன்' எனப்படும் திறன்பேசிக்கும் பரவியுள்ளது. ஆனால் இரண்டிற்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. சைக்கிளின் குறை கண்ணுக்கும் காதுக்கும் புலப்படும். திறன்பேசியின் குறை அவ்வாறு எளிதில் புலப்படுவதில்லை. பளபளக்கும் கண்ணாடியின் பின்னால் தளர்ந்துபோன பேட்டரி இருக்கலாம். ஆயுள் முடிந்த மென்பொருள் இருக்கலாம். திருட்டுப் பொருள் என்ற சட்டச் சிக்கலும் இருக்கலாம். இவற்றை அறியாமல் வாங்குவோருள் பெரும்பாலோர் இழப்பைத் தாங்கும் வசதியற்றவர்கள் என்பதே இப்பிரச்சினையைப் பொருளாதார ஆய்வுக்கு உரியதாக ஆக்குகிறது.

ஆடம்பரத்திலிருந்து தேவைக்கு

1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அப்போதைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, கல்கத்தாவிலிருந்து புது டில்லியில் இருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே நாட்டின் முதல் கைபேசி உரையாடலாகும். அன்று அது செல்வந்தர்களின் பொருள். இன்று நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. 2016இல் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. பணப் பரிமாற்ற முறை, தேர்வு விண்ணப்பம், கல்வி உதவித்தொகை, வங்கிக் கணக்கு, வேலைவாய்ப்புச் செய்தி ஆகிய அனைத்தும் கைபேசியைச் சார்ந்துள்ளன. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டில் ஒரு திறன்பேசி இல்லாத மாணவருக்கு வகுப்பே இல்லை என்ற நிலை ஏற்பட்டது. ஒரு பொருள் ஆடம்பரம் என்னும் நிலையிலிருந்து தேவை என்னும் நிலைக்கு மாறும்போது, அதை வாங்க இயலாதவரின் இழப்பு வசதிக் குறைவோடு நின்றுவிடுவதில்லை. வாய்ப்பு இழப்பாகவும் ஆகிறது.

இத்தகைய குடும்பத்தின் முன் பொதுவாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கையில் உள்ள தொகைக்குக் கிடைக்கும் குறைந்த தரமுடைய புதிய கைபேசியை வாங்குவது. மற்றொன்று, அதே தொகைக்கு, சில ஆண்டுகளுக்கு முன் உயர்ந்த விலைக்கு விற்ற தரமான கைபேசியைப் பழையதாக வாங்குவது. இவ்விரண்டில் எது சிக்கனமானது என்ற கேள்விக்கு விலைச்சீட்டை மட்டும் பார்த்து விடை கூற இயலாது.

விலை வேறு, மாதச் செலவு வேறு

எந்த நீடித்த நுகர்பொருளின் உண்மையான செலவையும், அது தரும் சேவைக் காலத்தால் வகுத்தே கணக்கிடவேண்டும். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. சந்தை நிலவரத்தைக் குறிப்பவை அல்ல.

ஒரு குடும்பம் 9,000 ரூபாய்க்குப் புதிய கைபேசி வாங்கி, 36 மாதங்கள் பயன்படுத்துகிறது என்று கொள்ளலாம். மாதச் செலவு 250 ரூபாய். மற்றொரு குடும்பம் 6,500 ரூபாய்க்குப் பழைய கைபேசி வாங்கி, 1,300 ரூபாய்க்குப் புதிய பேட்டரி பொருத்துகிறது. மொத்தச் செலவு 7,800 ரூபாய். இதுவும் 36 மாதங்கள் உழைத்தால், மாதச் செலவு ஏறத்தாழ 217 ரூபாய்தான். புதியதைவிட மாதம் 33 ரூபாய் மிச்சம். அத்துடன் நல்ல கேமராவும் வேகமும் கூடுதலாகக் கிடைக்கின்றன.

ஆனால் அதே பழைய கைபேசியின் மென்பொருள் ஆதரவு 15 மாதங்களில் முடிந்து, வங்கிச் செயலிகள் அதில் இயங்க மறுத்தால் என்ன ஆகும்? 7,800 ரூபாயை 15ஆல் வகுக்க, மாதச் செலவு 520 ரூபாயாக உயர்கிறது. புதியதைக் காட்டிலும் இது இருமடங்குக்கும் அதிகம். அல்லது, பசையால் ஒட்டப்பட்ட உடற்பகுதியைப் பேட்டரி மாற்றுவதற்காகத் திறக்கும்போது திரை உடைந்து, புதிய திரைக்கு மேலும் 3,500 ரூபாய் செலவானால், மொத்தம் 11,300 ரூபாய். 36 மாதங்கள் உழைத்தாலும் மாதம் 314 ரூபாய் ஆகிறது.

இக்கணக்கிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பழைய கைபேசியின் சிக்கனம் அதன் விலையில் இல்லை. எஞ்சியுள்ள ஆயுளில் இருக்கிறது. இரண்டாவது, அந்த ஆயுளை நிர்ணயிப்பது பெரும்பாலும் பழுதுபார்க்கும் வசதியே. திறந்து, பாகம் மாற்றி, மூடக்கூடிய கைபேசி பழையதாயினும் மலிவு. திறக்க முடியாத கைபேசி மலிவாயினும் விலை உயர்ந்தது.

'எலுமிச்சைச் சந்தை'

பயன்படுத்திய பொருள்களின் சந்தை ஏன் சரிவர இயங்குவதில்லை என்பதை விளக்கிய பெருமை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃபைச் சாரும். 1970இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் பழைய மோட்டார் கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டார். குறையுள்ள காரை அந்நாட்டுப் பேச்சு வழக்கில் 'எலுமிச்சை' என்பர். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாத நிலையில், கெட்ட பொருள் நல்ல பொருளைச் சந்தையிலிருந்து விரட்டிவிடும் என்பது அவர் கண்ட முடிவு. இத்துறை ஆய்வுகளுக்காக 2001இல் அவருக்கும் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருக்கும் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கருத்தைக் கைபேசிக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு நகரில் 100 பழைய கைபேசிகள் உள்ளன. பாதி நல்லவை, பாதி குறையுள்ளவை என்று கொள்வோம். நல்ல கைபேசியின் உரிமையாளர் 6,000 ரூபாய்க்குக் குறைந்து விற்க மாட்டார். வாங்குபவர் அதற்கு 7,000 ரூபாய் வரை தரத் தயார். குறையுள்ளதன் உரிமையாளர் 2,000 ரூபாய்க்கே விற்பார். வாங்குபவருக்கு அது 3,000 ரூபாய் பெறும். எது எது என்று அறிய முடியாத வாங்குபவர், சராசரியாக 5,000 ரூபாய்க்கு மேல் தர முன்வரமாட்டார். அந்த விலைக்கு நல்ல கைபேசியின் உரிமையாளர் விற்காமல், அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். சந்தையில் எஞ்சுவன குறையுள்ளவை மட்டுமே. நல்ல கைபேசி ஒவ்வொன்றின் கைமாற்றத்திலும் இருதரப்பினருக்கும் சேர்ந்து கிடைத்திருக்கக்கூடிய 1,000 ரூபாய் நன்மை, 50 கைபேசிகளுக்கு 50,000 ரூபாய், எவருக்கும் கிடைக்காமல் போகிறது.

இப்போது, நம்பத்தகுந்த ஒருவர் 300 ரூபாய் பெற்றுக்கொண்டு கைபேசியைச் சோதித்துச் சான்று வழங்குகிறார் எனலாம். நல்ல கைபேசி வைத்திருக்கும் 50 பேரும் சான்று பெற்றால் ஆகும் செலவு 15,000 ரூபாய். இழந்திருந்த 50,000 ரூபாய் நன்மையில் இச்செலவு போக 35,000 ரூபாய் சமுதாயத்திற்கு மிஞ்சுகிறது. ஆகவே ஆய்வு, சான்று, உத்தரவாதம் ஆகியவற்றிற்கு ஆகும் செலவை வீண் செலவு என்று கருதலாகாது. ஆறு மாத உத்தரவாதத்தை எழுத்தில் தரும் கடைக்காரர் சற்றே கூடுதல் விலை கூறினாலும், அக்கூடுதல் தொகை பெரும்பாலும் தகவலுக்கான விலையே ஆகும். குறையுள்ள பொருளை விற்பவர் அத்தகைய உத்தரவாதத்தைத் தரத் துணியமாட்டார்.

பழுதுபார்க்கத்தக்க தன்மை

கைபேசியில் முதலில் தளர்வது பேட்டரி. லித்தியம் அயனி பேட்டரி ஒவ்வொரு முறை மின்னேற்றம் செய்யப்பட்டு இறங்கும்போதும் தன் கொள்ளளவில் ஒரு சிறு பகுதியை இழக்கிறது. வெப்பம் இந்த இழப்பை விரைவுபடுத்துகிறது. நீண்ட நேரம் முழு மின்னேற்றத்திலேயே வைத்திருப்பதும் அவ்வாறே. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பேட்டரிக்கு வயதாகிறது. கொள்ளளவு 80 சதவீதத்திற்குக் கீழே இறங்கினால் மாற்றவேண்டிய காலம் நெருங்கிவிட்டது என்று கொள்வது வழக்கம். வீங்கிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. ஆகவே பின்மூடி சற்று எழும்பியிருக்கும் கைபேசியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்நிலையில் பயன்படுத்தலாகாது.

பேட்டரிக்கு அடுத்து அடிக்கடி பழுதாவன திரை, மின்னேற்றத் துளை, ஒலிபெருக்கி, பொத்தான்கள் ஆகியவை. இவை தனித்தனிப் பாகங்களாக இருந்தால் மாற்றுவது எளிது. ஆனால் நினைவகச் சில்லும் செயலியும் மின்சுற்றுப் பலகையில் பற்றவைக்கப்பட்டவை. அவை பழுதானால் நுண்பற்றவைப்பு தெரிந்த தேர்ந்த கைவினைஞரே சரிசெய்ய இயலும். பல நேரங்களில் செலவு கைபேசியின் விலையையே எட்டிவிடும். தண்ணீரில் விழுந்த கைபேசி இவ்வகையைச் சேர்ந்தது. சிம் அட்டையின் துளையருகே உள்ள ஈரங்காட்டித் தாள் நிறம் மாறியிருந்தால் வாங்குவதைத் தவிர்ப்பதே நலம்.

ஒரே வயதுடைய இரு கைபேசிகளில் ஒன்று பழுதுபார்க்கத்தக்கதாகவும் மற்றொன்று அவ்வாறல்லாததாகவும் இருப்பதற்குக் காரணம் வடிவமைப்பே. திருகாணிகளுக்குப் பதிலாகப் பசை, சாதாரணத் திருப்புளிக்கு அடங்காத தனிவகைத் திருகாணிகள், பாகங்களைச் சந்தையில் கிடைக்காமல் செய்தல், ஒரு கைபேசியின் பாகத்தை மற்றொன்றில் பொருத்தினால் மென்பொருள் அதை ஏற்க மறுத்தல் ஆகியவை பழுதுபார்ப்பைத் தடுக்கும் வழிகள். இவற்றிற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு, நெதர்லாந்து நாட்டின் ஃபேர்ஃபோன் நிறுவனம் 2015இல் வெளியிட்ட இரண்டாம் மாதிரி. அதன் பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம். திரை, கேமரா முதலியவற்றை உரிமையாளரே மாற்றலாம். அதற்கான மென்பொருள் ஆதரவு 2023 மார்ச் வரை நீடித்தது. ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கைபேசியைப் பயனில் வைத்திருப்பது தொழில்நுட்ப அளவில் இயலும் என்பதற்கு இது சான்று.

மென்பொருளின் ஆயுள்

பாகங்கள் நன்றாக இருந்தும் கைபேசி முதுமை அடைவதுண்டு. ஆண்ட்ராய்டு இயங்குதளத்திற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2015 ஆகஸ்டு முதல் மாதந்தோறும் அறிவிக்கப்பட்டு வருகின்றன. ஆனால் ஒவ்வொரு மாதிரிக்கும் அவற்றை எவ்வளவு காலம் அளிப்பது என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். முன்னர்ப் பல மாதிரிகளுக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளே ஆதரவு கிடைத்தது. கூகுள் நிறுவனம் 2023இல் வெளியிட்ட பிக்சல் 8 மாதிரிக்கும், சாம்சங் நிறுவனம் 2024இல் வெளியிட்ட கேலக்ஸி எஸ்24 மாதிரிக்கும் ஏழு ஆண்டுகள் ஆதரவு அளிப்பதாக அறிவித்தன. இத்தகைய மாதிரிகள் பழைய பொருள் சந்தைக்கு வரும்போது அவற்றின் மதிப்பு உயர்ந்து நிற்பது இயல்பு.

இங்கே வாங்குவோர் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்று உண்டு. கைபேசியின் வயதை அதன் முதல் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து கணக்கிடுகின்றனர். ஆனால் மென்பொருள் ஆதரவு பொதுவாக அம்மாதிரி சந்தையில் அறிமுகமான நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. 2021இல் அறிமுகமான மாதிரியை ஒருவர் 2023இல் புதிதாக வாங்கியிருப்பின், முதல் நாளிலேயே இரண்டாண்டுகள் கழிந்துவிட்டன. ரசீதில் உள்ள தேதியைக் காட்டிலும் மாதிரியின் அறிமுக ஆண்டே முக்கியம்.

ஆதரவு முடிந்த சில கைபேசிகளில் லினியேஜ் ஓ.எஸ். போன்ற, தன்னார்வலர் பேணும் இயங்குதளத்தை நிறுவி ஆயுளை நீட்டிக்கலாம். இது பயனுள்ள வழி எனினும் எல்லா மாதிரிகளுக்கும் கிடைப்பதில்லை. நிறுவுவதற்குத் தொழில்நுட்ப அறிவு வேண்டும். இவ்வாறு மாற்றப்பட்ட கைபேசியில் வங்கிச் செயலிகள் சில இயங்க மறுப்பதும் உண்டு. பணப் பரிமாற்றத்தையே முதன்மைத் தேவையாகக் கொண்ட குடும்பத்திற்கு இதனைப் பரிந்துரைப்பது பொருந்தாது.

வாங்குமுன் ஆராய வேண்டியவை

முதலாவது, அடையாள எண். ஒவ்வொரு கைபேசிக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். இவ்வெண் ரசீதிலும் பெட்டியிலும் உள்ள எண்ணோடு ஒத்திருக்கவேண்டும். தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதத்தில் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தைத் தொடங்கி, மத்தியச் சாதன அடையாளப் பதிவேட்டை நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தியது. அத்தளத்திலோ, 'கே.ஒய்.எம்.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடுத்து இடைவெளி விட்டு அடையாள எண்ணை எழுதி 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியோ, கைபேசியின் நிலையை அறியலாம். தடைசெய்யப்பட்டது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள எண் என்று விடை வந்தால் அதை வாங்குதல் கூடாது. தடைசெய்யப்பட்ட கைபேசிக்கு நாட்டின் எந்த வலையமைப்பிலும் சேவை கிடைக்காது.

இரண்டாவது, பூட்டு. முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்படாத கைபேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மாற்றியபின், அவருடைய கடவுச்சொல் இன்றித் திறக்க இயலாது. ஐஃபோன்களில் 2013 முதலும், ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 2015 முதலும் இப்பாதுகாப்பு உள்ளது. எனவே விற்பவர் தம் கண்முன்னே கணக்கை நீக்கி, கைபேசியை முழுமையாக அழித்து, புதிதாகத் தொடங்கிக் காட்டிய பின்னரே பணம் கொடுக்கவேண்டும். கணக்கை நீக்க இயலாது என்று கூறுபவர் அதன் உரிமையாளராக இருப்பாரா என்பதே ஐயத்திற்குரியது.

மூன்றாவது, அலைவரிசை. 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோ வலையமைப்பில் வோல்ட்டி வசதி இல்லாத கைபேசியால் நேரடியாகப் பேச இயலாது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் நான்காம் தலைமுறைச் சேவை 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் பயன்படுத்துகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மாதிரிகள் சிலவற்றில் இவ்வலைவரிசை இராது. தாம் வசிக்கும் ஊரில் பயன்படுத்தும் சிம் அட்டையைக் கொண்டுசென்று, அதைப் பொருத்திப் பேசிப் பார்ப்பதே எளிய சோதனை.

நான்காவது, உதிரி பாகங்கள். அம்மாதிரிக்கான பேட்டரியும் திரையும் உள்ளூரில் என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்பதைக் கைபேசி வாங்குவதற்கு முன்பே பழுதுபார்ப்பவரிடம் கேட்டறியவேண்டும். புதிய பேட்டரியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 16046 என்ற தரக் குறியீடும் பதிவெண்ணும் உள்ளனவா என்பதையும் கவனிக்கவேண்டும். இக்குறியீடு இன்றி விற்கப்படும் மலிவான பேட்டரி சிக்கனமன்று, ஆபத்து.

ஐந்தாவது, ரசீது. அடையாள எண், விலை, தேதி, விற்பவரின் பெயர், உத்தரவாதக் காலம் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். தனி நபரிடம் வாங்கினாலும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் பெற்றுக்கொள்ளலாம்.

சட்டம் தரும் பாதுகாப்பு

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பழைய அல்லது புதுப்பிக்கப்பட்ட பொருளைப் புதியது என்று கூறி விற்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என வரையறுத்துள்ளது. விற்ற பொருளுக்கு ரசீது தர மறுப்பதும் அவ்வாறே. தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அணுகலாம். இச்சட்டத்தின் துணையைப் பழைய பொருள் வாங்குவோருள் பலர் அறியாதிருக்கின்றனர்; அறிந்தவரும் ரசீது இல்லாமையால் பயன்பெற இயலுவதில்லை.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்தோ அதை நேர்மையற்ற முறையில் பெற்றுக்கொள்வது, பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தொலைத்தொடர்புச் சட்டம், 2023, சாதன அடையாள எண்ணைத் திருத்துவதற்கு மூன்றாண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வகைசெய்கிறது. 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்புத் திருத்த விதிகள், பயன்படுத்திய கைபேசிகளை வாங்கி விற்போர் அடையாள எண்ணை அரசின் தரவுத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்ற கடமையை விதித்துள்ளன. இதுவரை வாங்குபவர் தோளில் மட்டும் இருந்த சுமை இதனால் விற்பவர் தோளுக்கும் மாறுகிறது.

வரி விதிப்பிலும் பழைய பொருளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் கைபேசிகள் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 12இலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆனால் பழைய பொருள்களை வாங்கி விற்கும் பதிவுபெற்ற வணிகர், உள்ளீட்டு வரிச் சலுகை பெறாதிருப்பின், முழு விலைக்கு அன்றி, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டிற்கு மட்டும் வரி செலுத்தலாம். 5,000 ரூபாய்க்கு வாங்கி 6,000 ரூபாய்க்கு விற்றால், 1,000 ரூபாய்க்கான வரி 180 ரூபாய். ஒருமுறை வரி செலுத்தப்பட்ட பொருளுக்கு மறுபடியும் முழு வரி விதிக்கலாகாது என்ற நியாயமே இதன் அடிப்படை. ரசீதுடன் வணிகம் செய்வதால் விலை பெரிதும் கூடிவிடும் என்ற வாதம் இதனால் வலுவிழக்கிறது.

பழுதுபார்க்கும் உரிமை

நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கான வரைமுறையை உருவாக்கக் குழு ஒன்றை அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் நாளான தேசிய நுகர்வோர் தினத்தன்று இதற்கான இணையதளம் தொடங்கப்பட்டது. 2024 செப்டம்பரில் கூடுதல் செயலர் பரத் கேரா தலைமையில் அமைக்கப்பட்ட குழு, கைபேசிகளுக்கும் மின்னணுச் சாதனங்களுக்கும் 'பழுதுபார்ப்புக் குறியீடு' ஒன்றைப் பரிந்துரைத்து 2025 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. எத்தனை படிகளில் பாகத்தைக் கழற்றலாம், பழுதுபார்ப்பு விவரங்கள் வெளியிடப்படுகின்றனவா, உதிரி பாகங்கள் உரிய காலத்தில் கிடைக்கின்றனவா, அவற்றின் விலை என்ன, எவ்வகைத் திருகாணிகளும் கருவிகளும் தேவை என்பன போன்றவை அதன் அளவுகோல்கள்.

பிற நாடுகளின் அனுபவம் இதற்கு வழிகாட்டுகிறது. பிரான்ஸ் நாடு 2021 ஜனவரி 1 முதல் திறன்பேசிகள் உள்ளிட்ட சில சாதனங்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் இடுவதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, புதிய திறன்பேசிகளின் முக்கிய உதிரி பாகங்கள், அம்மாதிரியின் விற்பனை நின்றபின் ஏழு ஆண்டுகளுக்குக் கிடைக்கவேண்டும்; மென்பொருள் மேம்பாடு குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு அளிக்கப்படவேண்டும்; பேட்டரி 800 முறை மின்னேற்றத்திற்குப் பின்னும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கவேண்டும். புதிய கைபேசியை வாங்கும்போது இடப்படும் இம்மதிப்பெண், சில ஆண்டுகள் கழித்து அதே கைபேசியைப் பழையதாக வாங்குபவருக்கே பெரிதும் பயன்படும் என்பது கருதத்தக்கது.

கழிவும் வேலைவாய்ப்பும்

ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்கீட்டின்படி 2022இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உண்டாயிற்று. அதில் 22.3 சதவீதமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதற்குப் பதிவு உள்ளது. திறன்பேசியைப் பொறுத்தவரை, அதன் வாழ்நாளில் ஏற்படும் கரிய வாயு வெளியேற்றத்தில் பெரும்பகுதி உற்பத்தியின்போதே நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே ஒரு கைபேசியை மேலும் இரண்டாண்டுகள் பயனில் வைப்பது, மறுசுழற்சியைவிட மேலான சிக்கனம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, புதுப்பித்தலுக்கு ஊக்கம் தருகின்றன. பதிவுபெற்ற புதுப்பிப்பாளரின் சான்றைக் காட்டினால் தயாரிப்பாளரின் மறுசுழற்சிக் கடமை ஒத்திவைக்கப்படுகிறது. நீட்டிக்கப்பட்ட ஆயுள் முடிந்தபின் அவ்வளவில் 75 சதவீதமே அவர் கணக்கில் சேர்க்கப்படுகிறது.

இப்பணியில் ஈடுபட்டிருப்போர் யார்? டில்லி கரோல் பாக் பகுதியின் கஃபார் மார்க்கெட்டிலும், நேரு பிளேசிலும், பெங்களூரின் எஸ்.பி. சாலையிலும், சென்னையின் ரிச்சி தெருவிலும் சிறு கடைகளில், பூதக்கண்ணாடியின் கீழ் குனிந்து அமர்ந்திருக்கும் இளைஞர்களே. இவர்களுள் பலர் பள்ளியில் கற்றதைவிடக் கடையில் கற்றதே மிகுதி. குறைந்த மூலதனத்தில் அதிக உழைப்பை ஈர்க்கும் இத்தொழில், மூலதனம் அரிதாகவும் உழைப்பு மிகுதியாகவும் உள்ள நாட்டிற்கு மிகவும் ஏற்றது. தொழிற்பயிற்சி நிலையங்களில் திறன்பேசி தொழில்நுட்பப் பயிற்சிப் பிரிவு உள்ளது. எனினும் தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேடும் அசல் பாகங்களும் இவர்களுக்கு எட்டாத வரை, திறமை இருந்தும் போலிப் பாகங்களைக் கொண்டே பணியாற்ற நேர்கிறது. அதன் விளைவாக வரும் கெட்ட பெயரும் இவர்களையே சாருகிறது.

எதிர்வாதங்கள்

பழைய கைபேசியை ஊக்குவித்தால் புதிய உற்பத்தித் தொழில் பாதிக்கப்படும் என்ற கருத்து உண்டு. இது ஓரளவே சரி. பழையதற்கு நல்ல விலை கிடைக்கும் என்ற உறுதி இருந்தால், புதியதை வாங்குபவர் கூடுதல் விலை கொடுக்கத் தயங்கமாட்டார். மறுவிற்பனைச் சந்தை புதிய சந்தைக்குப் போட்டி மட்டுமன்று, துணையும் ஆகும்.

இதைவிட ஆழ்ந்த மற்றொரு ஆட்சேபம் உண்டு. பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன கைபேசியில் ஏழைக் குடும்பத்தின் வங்கிக் கணக்கு இருப்பது மோசடிக்கு வழிவகுக்காதா? வசதியுள்ளோர் கழித்த அபாயத்தை வசதியற்றோர் தலையில் கட்டுவது நியாயமா? இவ்வாட்சேபத்தை எளிதில் புறக்கணிக்க இயலாது. ஆனால் அபாயம் பழைமையால் மட்டும் வருவதன்று. ஆதரவுக் காலம் குறுகியதாலும், அக்காலம் எப்போது முடிகிறது என்று வாங்குபவருக்குத் தெரியாததாலும் வருகிறது. மலிவான புதிய கைபேசியிலும் ஆதரவு விரைவில் நின்றுபோகக்கூடும். ஆகவே ஆதரவு முடியும் மாதத்தைப் பெட்டியின் மீதே அச்சிடச் செய்வது, புதியதை வாங்குபவருக்கும் பழையதை வாங்குபவருக்கும் ஒருங்கே நன்மை பயக்கும். இதற்கு அரசுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

முடிவுரை

பழைய பொருளைப் பேணிப் பயன்படுத்துவது இந்நாட்டில் வறுமையின் அடையாளமாக மட்டும் இருந்ததில்லை, அறிவுடைமையாகவும் மதிக்கப்பட்டுள்ளது. திறன்பேசியைப் பொறுத்தவரை அவ்வறிவைச் செயற்படுத்தத் தேவையானவை மூன்று: வாங்குபவருக்குச் சரியான தகவல், பழுதுபார்ப்பவருக்குப் பாகமும் கையேடும், விற்பவருக்கு ரசீதுப் பொறுப்பு. முதலாவதற்கான கருவிகளுள் சில, அடையாள எண் சோதனை போன்றவை, ஏற்கெனவே கைக்கெட்டும் நிலையில் உள்ளன. அவற்றை மாவட்ட, வட்டார அளவில் மக்களிடம் கொண்டுசெல்வது அலுவலர்களின் பணி; தம் குடும்பத்தாருக்கும் அண்டை வீட்டாருக்கும் சோதித்துக் காட்டுவது மாணவர்களால் இன்றே இயலும் பணி. ஒரு மாணவி தன் உதவித்தொகை விண்ணப்பத்தை அனுப்புவதற்காக வாங்கிய கைபேசி, வாங்கிய மறுமாதமே முடங்கிப்போகாமல் இருப்பது, இச்சிறு பணிகளைப் பொறுத்தே அமையும்.